தமிழ் நோட்டும் வயிற்று டாக்டரும்

பெங்காலி பேசும் டாக்குரியா பகுதியில் அந்த வயிற்று டாக்டரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். குட்டையான உருவம், காதோரம் நரை, மூக்கு நுனியில் கண்ணாடி. குழந்தையின் வயிற்றைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

என் நான்கு வயது மகனுக்கு இரண்டு மாதமாகப் பேதி என்று நினைத்திருந்தேன். ஜட்டியெல்லாம் கறை. மோர்சாதம், வாழைக்காய் தவிர எதுவும் கொடுக்கவில்லை. அவன் சாப்பிட்டதையும் வெளியே போனதையும் தினமும் நோட்டில் எழுதினேன். அது தமிழில் இருப்பதை மறந்து அவரிடம் நீட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டை மேஜையில் விரித்து, "நீயே படிச்சுச் சொல்லு மா" என்றார் பெங்காலியில். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். என் தடுமாறும் பெங்காலியில் பதினோரு பக்கமும் சொன்னேன்.

"எல்லா நாளும் 'கொஞ்சம், தண்ணியா'ன்னு எழுதியிருக்கே. ஒரு நாள்கூட நிறையப் போகல, பாத்தியா?" என்றவர், என் கையை மகனின் அடிவயிற்றில் வைத்தார். கல் போலத் தட்டுப்பட்டது. "இது மலச்சிக்கல். கெட்டியானது உள்ளே நிக்குது, ஓரமா தண்ணி கசியுது. மருந்துல சரியாயிடும்."

பேதி கட்டும் என்று நான் கொடுத்த வாழைக்காய் ஞாபகம் வந்தது. "அப்ப என் தப்புதானா, டாக்டர்?"

"இதை நீ எழுதலேன்னா எனக்கு எப்படி மா தெரியும்?"

மகன் இப்போது சுகம். ஒரு எழுத்துகூடத் தமிழ் தெரியாதவர், நான் படித்தபோது வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே வந்தாரே, அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.