ஞாயிற்றுக்கிழமை மூளைகள்

ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பவனுக்கு ஒரே வேலைதான்: உள்ளே போகிறவர் உடம்பில் குண்டூசி அளவு இரும்புகூட இருக்கக் கூடாது. உள்ளே இருப்பது பெரிய காந்தம். சாவிக்கொத்தோடு போனால் சாவி பறக்கும். ஆஸ்பத்திரி வாசல்களில் நின்று பிழைக்கும் அண்ணன்மார்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். “எல்லாம் கழட்டியாச்சுங்களா?” என்று மூன்று முறை கேட்போம். மூன்று முறையும் “ஆச்சுங்க” என்பார்கள். நான்காவது முறை பாக்கெட்டிலிருந்து நூல் வெட்டும் கத்தரி வரும்.

இதற்கு முன் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஊசி கண்டுபிடிக்கும் மிஷினில் இருந்தேன். குழந்தைத் துணிகள் அதனுள் போகும். ஒடிந்த ஊசித் துண்டு இருந்தால் கத்தும். ஒருநாள் ஒரு துண்டு காணவில்லை என்று முதலாளி பழனிசாமி என்மேல் பழி போட்டு, வேலையைவிட்டுக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். மறுநாள் அது டெய்லர் ஒருவரின் செருப்பில் குத்தியிருந்தது. என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. பதினெட்டு வருடமாகிறது. இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோபத்தை மாற்றவில்லை.

சாட்சிக்கு வந்த சம்சாரம்

ஞாயிறுகளில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு வருவார். ஆண்கள்மேல் ஆசை வரும் ஆண்கள் ஒரு குழு, பெண்கள்மேல் ஆசை வரும் ஆண்கள் இன்னொரு குழு. குழாய்க்குள் படுக்க வைத்து, முகங்களின் படங்களைக் காட்டி, அப்போது மூளை என்ன செய்கிறது என்று பார்ப்பார். முதல் குழுவுக்கு ஆள் வராது என்று நினைத்தேன். அவர்கள் சிநேகிதர்களோடு சிரித்துக்கொண்டே வந்தார்கள். இரண்டாவது குழுவுக்குத்தான் பஞ்சம். யாராவது பார்த்து முதல் குழு என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் ஒரு செக்கிங் மாஸ்டர் மட்டும் துணிந்து வந்தார், சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு. “யார் மேல ஆசை வரும்னு நீங்க தனியா உக்காந்து எழுதணும்” என்று டாக்டரம்மா தாளை நீட்டினார். அந்த அம்மா விடவில்லை. “இவரு ரெண்டாவது கோஷ்டிதானுங்க, நானே சாட்சி. சந்தேகமிருந்தா சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல வந்து பாருங்க, கழுத்து எப்படித் திரும்புதுன்னு!”

வெள்ளிக் கொடி

எங்கள் பக்கம் ஆண்பிள்ளை இடுப்பில் அரைஞாண் இல்லாமல் இருக்கக் கூடாது, செத்தால்தான் அறுப்பார்கள். இரும்பில்லை என்றாலும் உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது; இடுப்பு வெள்ளிக் கொடியைக் கழற்றச் சொன்னால் ஆளுக்கு முகம் வெளுத்துவிடும். அதற்கு நானே ஒரு வழி செய்தேன். கோயில் கடையில் சிவப்புக் கயிறு வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் கயிற்றைக் கட்டுவேன், பிறகுதான் வெள்ளியைக் கழற்றுவேன். இடுப்பு ஒரு நொடிகூட வெறுமனே இருக்காது.

ஊத்துக்குளியிலிருந்து ஒரு வெண்ணெய் வியாபாரி வந்தார். முதல் குழு. பத்து வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கும் கூட்டாளி வெளியே பைக்கில் காத்திருந்தார். கயிறு கட்டி முடித்ததும் இவர் கை நீட்டினார். “அவனுக்கும் ஒண்ணு குடுங்க சாமி. எனக்கு மட்டும் புதுசுன்னா ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்.”

காந்தத்துக்குள் தூக்கம்

ஒரு ஞாயிறு, முதல் குழுவுக்கு இருபத்தெட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். மூக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பழனிசாமி மகன் கதிர், பத்து வயதில் கம்பெனிக்குள் ஓடித் திரிந்தவன். அவனுக்கும் என்னைத் தெரிந்தது. “ஐயா, அப்பாகிட்டச் சொல்லிராதீங்க. நானே சொல்லோணும். பதினஞ்சு நாள்ல எனக்கு நிச்சயதார்த்தம் வெச்சிருக்காங்க. அதுக்குள்ள சொல்லலைன்னா ஒரு பொண்ணோட வாழ்க்கையும் சேர்ந்து போயிருமுங்க” என்றான்.

ஒரு போன் செய்தால் போதும், பதினெட்டு வருடக் கணக்கு தீரும். கை துறுதுறுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பன்மேல் உள்ள கோபத்துக்குப் பிள்ளையைப் பிடித்து எறிகிற அளவுக்கு நான் பழனிசாமி இல்லை. கயிற்றைக் கட்டி அனுப்பினேன்.

உள்ளே மிஷின் தடதடவென்று அடித்தது. காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் சத்தம். பத்தாவது நிமிடம் டாக்டரம்மா மைக்கில் கத்தினார்: “கதிர், தூங்காதீங்க! படத்தைப் பாருங்க!” வெளியே வந்தவன் வெட்கத்தோடு சொன்னான்: “சின்னதுல நிட்டிங் மிஷின் பக்கத்துலதானுங்க தொட்டில் கட்டுவாங்க. இந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தானா கண்ணு சொக்குது.”

ஆறு படங்கள்

அடுத்த ஞாயிறு அப்பனும் மகனும் ஒன்றாக வந்தார்கள். பையன் சொல்லிவிட்டான் என்று அவன் கண் வீக்கத்திலேயே தெரிந்தது. பழனிசாமி என் முகத்தைப் பார்த்தார், ஆள் தெரியவில்லை. அது வேறு எரிந்தது. நேராக டாக்டரம்மாவிடம் போனார். “எந்த எடத்துல டேமேஜுன்னு காட்டுங்கம்மா. நிச்சயத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்குது, சரி பண்ணிக்கலாம்.”

“இது டேமேஜ் இல்லீங்க, சரி பண்ண ஒண்ணும் இல்ல. நிறையப் பேர் படத்தைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாத்தான் ஏதாவது சின்ன வித்தியாசம் தெரியுமான்னே நாங்க தேடுறோம். ஒருத்தர் படத்தை வெச்சு எதையும் சொல்ல முடியாது” என்றார் அவர். பழனிசாமி நம்பவில்லை. கதிரும் சரி என்றதால், பெயரில்லாத ஆறு படங்களை மேசைமேல் பரப்பி, “இதுல உங்க பையன் எதுங்க?” என்றார் டாக்டரம்மா.

ஆயிரம் மீட்டர் துணியில் பின்னல் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். ஒவ்வொரு படத்தையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். கால்மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்து, “இதானுங்க. இந்த எடத்துல கோணலா இருக்குது பாருங்க” என்றார். அது டாக்டரம்மாவின் மூளை. மிஷினைச் சோதிக்க அவரே எடுத்துக்கொண்ட படம். கதிர் சிரித்துவிட்டான். மிஷினை ஓட்டும் டெக்னீசியன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழனிசாமி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “ஆறும் ஒரே லாட்டுல வந்த துணியாட்டவே இருக்குதேம்மா!”

கேட்ட கேள்வி

வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கதிர் தண்ணீர் கேன் அருகே நின்றான்.

“எப்பிருந்துடா தெரியும் உனக்கு?”

“பதிமூணு வயசுலிருந்துங்கப்பா.”

“பதினஞ்சு வருசமா ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்காமயா இருந்தே?” என்றார். குரல் உடைந்தது. பிறகு போனை எடுத்தார். “சம்பந்தீங்களா? இனி அப்படிக் கூப்பிட முடியாதுங்க. என்ற பையன் மேலயும் குத்தமில்ல, உங்க பொண்ணு மேலயும் குத்தமில்ல. அவனைக் கேக்காம நாந்தான் பேசி முடிச்சேன். நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க.” அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் வாங்கிக்கொண்டார். முடிந்ததும் எழுந்து, பையனின் சட்டைக் காலரைச் சரி செய்தார். “வாடா கண்ணு, ஊட்டுக்குப் போலாம். உங்கம்மா சோத்தை வெச்சுட்டு உக்காந்திருப்பா.” அங்கிருந்த எல்லோருக்கும் நிம்மதியில் சிரிப்பு வந்தது, எனக்கும்.

வாசல்வரை போனவர் திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். “நீங்க நம்ம கம்பெனியில ஊசி மிஷின்ல இருந்தவருதானுங்களே?” என்றார். “ஆமாங்க” என்றேன். பதினெட்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை வரப்போகிறது என்று நிமிர்ந்து நின்றேன். அவர் நிஜமான அக்கறையோடு கேட்டார்: “நல்லாத்தானே வேலை பாத்தீங்க, அப்புறம் ஏனுங்க நின்னுட்டீங்க?”

பையனுக்காக வந்த சந்தோசமும் அப்பன்மேல் உள்ள ஆத்திரமும் ஒரே மண்டைக்குள் இடித்துக்கொள்ளாமல் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க, என்னையும் ஒரு ஞாயிறு அந்தக் குழாய்க்குள் படுக்க வைக்கச் சொல்லி டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.