தொட்டுவிட்டு ஏறுகிறவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. பாதி ஆயுசு வண்டிகளுக்குக் கரண்ட் வேலை பார்த்தே போய்விட்டது. கரண்ட்டுக்குச் சாமியும் தெரியாது சாத்தானும் தெரியாது, பாதை இருந்தால் போகும், இல்லாவிட்டால் நிற்கும், அவ்வளவுதான் சங்கதி. எங்கள் பக்கம் யாராவது புளியமரத்தைக் காட்டிக் கதைவிட்டால், "மரத்துக்கு வயரிங் பண்ணுனது யாருலே?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிற ஆள் நான். இந்த வாய்க்குப் பயந்தே என் மனைவி என்னைக் கோயில் கொடை விழாவுக்குக் கூப்பிடுவதில்லை. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற ரோட்டில்தான் என் ஷெட். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடுகிற செல்ப் மோட்டார், டைனமோ, பேட்டரி, லைட் என்று வண்டியில் கரண்ட் ஓடுகிற எதுவானாலும் என் வேலை. பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன்கள்தான் அதிகம் வரும். அப்படி வருகிறவர்களில் ஒருத்தன் மாரியப்பன், வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன். சொந்தமாக ஒரு பழைய டீசல் வேன், காலையில் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டில் இறக்குவான், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவான். அந்தப் பெண்களில் அவன் பெண்டாட்டி முனீஸ்வரியும் ஒருத்தி. அவளுக்கு எப்போதும் முன் சீட்டு, ஓட்டுகிற அவனுக்கு இடது பக்கத்தில். வண்டி வேலைக்கு வந்தாலும் கூடவே வந்து, "அண்ணாச்சி, வண்டியப் பாக்குறதுக்கு முன்ன இவரப் பாருங்க, இவருக்குத்தான் மொதல்ல சார்ஜ் ஏத்தணும்" என்று அவனைக் கேலி செய்துகொண்டே இருப்பாள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

போன சீசனில் அவள் வேலை பார்த்த அறை வெடித்துவிட்டது. அதை விவரமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம், நம் ஆட்கள் இருக்கிற திசை இல்லை என்றால் ஒரு பெருமூச்சு விடுவோம், விட்டுவிட்டு அதற்காகக் கூசியும் போவோம். அன்று நானும் ஷெட் வாசலில் நின்று பார்த்தேன், பெருமூச்சும் விட்டேன். போனது முனீஸ்வரி என்று தெரிந்தது சாயங்காலம்தான்.

அதற்கப்புறம் மாரியப்பனைப் பார்க்கவே இல்லை. வண்டியை வீட்டு வாசலில் போட்டுவிட்டு ஆள் முடங்கிக் கிடக்கிறான் என்று சொன்னார்கள். பிறகு ஒருநாள், மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், அந்த வேன் வந்து நின்றது. ஆள் பாதியாய் இளைத்திருந்தான். எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்தான்.

"ஆஃப் பண்ணுனா மறுபடி தள்ளணும் அண்ணாச்சி. செல்ப் இழுத்து இழுத்துச் சுத்துது. நீங்க பாருங்க."

அணைத்துவிட்டு நான் செல்ப் அடித்துப் பார்த்தேன். சடசடவென்று சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டியது, ம்... ம்... ம்... என்று நிறைமாதக்காரி படியேறுகிற மாதிரி முக்கி முனகிச் சுற்றியது. நான் சாதாரணமாகச் சொன்னேன், "இம்புட்டு நாளு சும்மா நின்ன வண்டிப்பா, பேட்டரி எறங்கியிருக்கும்."

அதைக் கேட்டதும் அவன் முகம் விழுந்துவிட்டது. சின்னச் செலவோடு போகிறதே என்று சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், ஏதோ சாவுச் சேதி கேட்டவன் மாதிரி நின்றான். "பேட்டரி புதுசு அண்ணாச்சி, ஊர்ல ஒருத்தன் மாத்திட்டான். நின்னதுனால வந்தது இல்ல. அதுக்கு முன்னயே வந்தது" என்றான். எனக்கு அப்போது ஒன்றும் பிடிபடவில்லை.

செல்ப் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் காரணம் நாலுதான். பேட்டரியில் தெம்பு இல்லை, வயர் கனெக்சன் கெட்டிருக்கிறது, மோட்டார் தேய்ந்திருக்கிறது, இல்லை எஞ்சினே இறுகியிருக்கிறது. ஐந்தாவது கிடையாது. பேட்டரியைச் சோதித்தேன், கல்லு மாதிரி நின்றது. டெர்மினலைச் சுரண்டிப் பளிச்சென்று மாட்டினேன். மோட்டாரைக் கழற்றிப் பிரித்தேன், கார்பன் புதுசு, புஷ்ஷில் ஆட்டமில்லை. எஞ்சினை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. மிச்சம் எர்த். கரண்ட் பேட்டரியிலிருந்து போவதற்கு வயர் இருக்கிறது, திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்புதான், அந்த உடம்பையும் எஞ்சினையும் பேட்டரியோடு சேர்க்கிற பின்னல் செம்புப் பட்டையைத்தான் எர்த் என்போம். பழைய வண்டியில் பத்துக்கு எட்டு அதுதான் இற்றுப்போயிருக்கும். இதில் அதுவும் சுத்தம். மீட்டரை எங்கே வைத்தாலும் குறை காட்டவில்லை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அடித்தேன், பழையபடி ம்... ம்... ம்...

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பிடிபடாத வண்டி என் ஷெட்டில் நின்றால் நான் மனுஷனாகவே இருக்கமாட்டேன். "என்ன எழவு வண்டிய்யா இது" என்று ஸ்பேனரைத் தூக்கிப் போட்டேன்.

"கோளாறே இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம்தான் சொன்னான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியிலும் எர்த் என்று ஒன்று உண்டு. வெடிமருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்து, அதை மண்ணுக்குள் புதைத்த கம்பியோடு சேர்த்திருப்பார்கள். சேலை உரசி உடம்பில் ஏறியிருக்கிற கரண்ட் இறங்குவதற்காக, உள்ளே போகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், ஒரு பொறி போதுமே அங்கே. தகட்டின் ஓரமெல்லாம் பச்சையாகக் களிம்பேறிக் கிடக்கும், கை படுகிற இடம் மட்டும் தங்கம் மாதிரி பளபளக்கும். ஒரு கம்பெனியில் வயரிங் வேலைக்குப் போனபோது நானே பார்த்திருக்கிறேன்.

முனீஸ்வரிக்கு அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிவிட்டது. வேனில் ஏறும்போதும் இடது பக்கக் கதவுத் தகரத்தில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டி, கையை வைத்துவிட்டுத்தான் ஏறுவாளாம். வண்டிக்கு எர்த் வேண்டும் என்று புருஷன் பேசுவதைக் கேட்டு, அதுவும் இதுவும் ஒன்றென்றே நினைத்திருக்கிறாள். இவன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதானே? நான் தொட்டாத்தான்யா ஒம்ம வண்டிக்கு உசுரு வரும்" என்பாளாம். வண்டியில் வருகிற பெண்கள் எல்லோரும் சிரிப்பார்களாம்.

"அன்னைக்கு அவ ரெண்டு கையிலயும் சாமான் அண்ணாச்சி. ஒண்ணுல தண்ணிக் கேனு, ஒண்ணுல தூக்குவாளி. தொடாம ஏறிட்டா. நான் செல்ப் அடிக்கேன், இழுக்குது. அதுவரைக்கும் ஒருநாளும் இழுத்ததில்ல. 'பாத்தீரா, நான் தொடல, இருங்க எறங்கித் தொட்டுட்டு ஏறுதேன்'ங்கா. நேரமாச்சுன்னு எனக்குக் கடுப்பு. 'சும்மா கெட கழுத'ன்னுட்டு, கண்மாக்கரை சரிவுதானே, பிரேக்க விட்டு உருட்டிக் கியரப் போட்டு எடுத்துட்டேன். வழி நெடுக அவ பேசவே இல்ல."

நான் தூக்கிப் போட்ட ஸ்பேனரை எடுத்துத் துண்டால் துடைத்தான்.

"அந்த நெனப்புலயே போயி அங்கன தகட்டையும் தொடாம உள்ள போயிட்டாளோ, என்னமோ. பாத்தவுக யாரும் மிச்சமில்ல கேக்குறதுக்கு. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு வண்டில கோளாறு இருந்துச்சா? இருந்துச்சுன்னா அது வண்டிக் கோளாறு, அம்புட்டுத்தான். இல்லேன்னா... இல்லேன்னா போகாதீகன்னு எதுவோ புடிச்சு இழுத்திருக்கு, நான்தான் உருட்டிக்கொண்டு போயி அவள அங்கன எறக்கிவிட்டிருக்கேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் வண்டியைச் சரிசெய்ய வரவில்லை. ஒரு கோளாறு வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறான். நானோ காலையில் குளித்துவிட்டு வந்த மாதிரி சுத்தமாக இருக்கிறது உன் வண்டி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"எந்திரி, இன்னொரு தடவ பாப்போம்" என்றேன். பானெட்டைத் திறந்து மீட்டரை மாட்டி, முள்ளைப் பார்க்கச் சொல்லி அவனை வலது பக்கம் நிறுத்திவிட்டு, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து செல்ப் அடித்தேன். ம்... ம்... விட்டேன். மறுபடி அடித்தேன். ம்... ம்...

இதற்குமேல் நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. எனக்கு இடது பக்கம், கதவுத் தகரத்தில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை, வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. படியில் கால் வைத்து ஒரு ஆள் ஏறினால் பழைய ஸ்பிரிங் பட்டை கிறீச்சென்று ஒரு பக்கம் அமுங்கி நிமிருமே, அதே அமுங்கல், அதே நிமிர்தல். என் கை செல்ப் சாவியிலேயேதான் இருந்தது. சடசடவென்று சுற்றி எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மாரியப்பன் சாய்ந்திருப்பான் என்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன், அவன் வலது பக்கம் கையைக் கட்டிக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். செல்ப் முனகுகிற சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. என் பக்கத்துச் சீட்டை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை, அப்படியே என் பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

"என்ன செஞ்சீக அண்ணாச்சி?" என்று ஓடி வந்தான். "என்ன கோளாறு?"

நான் நேரே ஷெட்டுக்குள் போனேன். கழிவுச் சாமான் டப்பாவில் எந்த லாரியிலிருந்தோ எப்போதோ கழற்றிப் போட்ட எர்த் பட்டை ஒன்று கிடந்தது, இற்று, பச்சையாகக் களிம்பேறி. அதைத் துணிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்க் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன். பிறகு அதைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தேன்.

"இதப் பாரு. உள்ள மறைவா இன்னொரு எர்த் இருந்திருக்கு, என் கண்ணுக்கே தப்பிருச்சு. நெடுநாளா இத்துக்கிட்டே வந்திருக்கு. அன்னைக்கும் இதான் கோளாறு. வேற ஒரு மண்ணும் இல்ல."

பொய்தான். இன்னொரு தடவை கேட்டாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்வேன்.

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். "அப்ப வண்டிக் கோளாறுதானா? கோளாறுதானா அண்ணாச்சி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஆமாம் என்றேன். அந்தப் பட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு, ரோடு என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதான். போகும்போது அதைத் துண்டில் சுற்றிக் கையோடு கொண்டுபோனான்.

வண்டியின் செல்ப் அதற்கப்புறம் ஒருநாளும் இழுத்துச் சுற்றவில்லை. மாரியப்பனும் மறுபடி ஆள் ஏற்ற ஆரம்பித்தான். என் ஷெட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக் கையைத் தூக்கிவிட்டுப் போவான், ராத்திரி தூக்கம் வருகிறது என்று சொன்னான். அந்தச் சத்தமும் சாய்வும் என் பிரமை என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். வெயில், வேலைக் களைப்பு, அவன் சொன்ன கதை, எல்லாம் சேர்ந்து காதில் கேட்டிருக்கும். அத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்லியே இருக்கமாட்டேன்.

போன மாசம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன், வழியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் மட்டும்தான் இருக்கிறான், ஒரே பையன் கோயம்புத்தூரில் மில் வேலை. உள்ளே சுவரில் முனீஸ்வரியின் படம், மாலை போட்டு. படத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆணியில் அந்த எர்த் பட்டை தொங்கியது.

"எம் பாரத்த எறக்குன சாமான்லா அது. தூக்கிப்போட மனசில்ல" என்றான்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். மேல் நுனி நான் கொடுத்த மாதிரியே பச்சைக் களிம்போடு இருந்தது. கீழ் நுனி மட்டும், தினமும் கை படுகிற கம்பெனித் தகடு போல, தங்கம் மாதிரி பளபளவென்று இருந்தது.

"இத தெனமும் தொட்டுக் கும்பிடுவியோ?" என்று கேட்டேன்.

"ஐயோ, மாட்டுன அன்னைக்கே கைய எடுத்ததுதான் அண்ணாச்சி. தொட்டா அன்னைக்கு நெனப்பு வந்துரும்னு கிட்டக்கூடப் போறதில்ல. ஏன், என்ன?"

ஒன்றுமில்லை என்றேன். அவன் காப்பி போட அடுப்படிக்குப் போனான், அன்று நான் பொய் சொல்லும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவளை நினைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அந்தப் பட்டை அவன் வண்டியில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது எனக்கு ஒருத்தனுக்கு மட்டும்தான் தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.