வாசல் வெளிச்சத்தில் ஒரு கூறைச் சேலை

உலகத்திலேயே அலுப்பான வேலை எது என்று என்னைக் கேட்டால், மற்றவர்கள் பிரித்துப் போட்ட சேலையை மடிப்பது என்பேன். பதுளை டவுனில் ஒரு புடவைக்கடையில் அதைத்தான் செய்கிறேன். கொழுந்து பறித்த செடிகூட மறுபடி துளிர்க்கக் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளும். இங்கே மடித்து வைத்த கை ஆறுவதற்குள் அடுத்த ஆள் வந்து, "அந்த அடியில இருக்கிறத எடுங்க" என்பார்.

வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரே இடத்தில் நில் என்பதுதான் பிடிக்காது. பள்ளிக்கூடத்திலும் இதே தகராறுதான். பாதியிலேயே நானும் பள்ளிக்கூடமும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். கால் அரிக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களைக்கூட "வாங்க, வாங்க" என்று கூப்பிடுவேன். பஸ்ஸை விட்டவர்கள் சிலர் உள்ளேயும் வருவார்கள்.

பொழுதுபோக்கு பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் டீவி இருக்கிற இடத்தில்தான் எல்லோரும் இருக்க வேண்டும், ஒதுங்க வேறு அறை இல்லை. அம்மா நாடகம் பார்க்கிறார், ஆகவே நானும் பார்க்கிறேன். அந்த மாமியாரும் மருமகளும் ஒருநாள் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்துப் பேசியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். இதை அம்மாவிடம் சொன்னேன். "முடிஞ்சா நான் அப்பறம் எதப் பாக்குறது? ஒன் மூஞ்சியவா?" என்றார்.

போன மாதம் லுணுகலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தனியாகக் கடைக்கு வந்தார். மகனுக்குக் கல்யாணம். மகனுக்குக் கொழும்பில் லீவு கிடைக்கவில்லை. கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டில் எடுப்பதுதான் வழக்கம், பெண்ணைக் கூட்டி வரமாட்டார்கள். ஆனால் இவர் கொஞ்சம் நாகரிகம். பெண்ணை வீடியோ கோலில் வைத்திருந்தார். அந்தப் பெண் நமுனுகுலப் பக்கம் ஏதோ ஒரு மலையில், சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றிருந்தது. பின்னால் தேயிலை, முகமெல்லாம் காற்றில் பறந்த முடி.

"வாங்கக்கா, என்ன மாதிரி பாக்குறீங்க?"

"அக்காவா? என் மகனே ஒன்ன விட மூத்தவன்டா."

"அப்ப சின்னக்கான்னு வச்சுக்குவோம்."

கல்லாவிலிருந்து முதலாளி முறைத்தார். நான் சேலைகளை விரித்தேன். அரக்குச் சிவப்பு, குங்குமச் சிவப்பு, ரத்தச் சிவப்பு. அந்த அம்மா ஒவ்வொன்றின் மேலும் போனைப் பிடித்து, "நல்லாருக்கா?" என்பார். "நல்லாருக்கு அத்த" என்று பதில் வரும். காலையில் தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டதும் வருகிற அதே குரல். எதைக் காட்டினாலும் அதே பதில். கடைசியில் அந்த அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இந்த டியூப் லைட்டுல அதுக்கு ஒன்னும் தெரியல போல. வாசல்ல கொண்டுபோய்க் காட்டு தம்பி" என்று போனை என் கையில் கொடுத்தார். நடக்கச் சொன்னால் எனக்கு வேறென்ன வேண்டும்? சேலைகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"அண்ணே, அத்த பக்கத்துல நிக்கிறாங்களா?"

"உள்ள இருக்காங்க. ஏன், ஓடிப்போற யோசனையா?"

அந்தப் பெண் சிரித்தது. அப்புறம் அவசரமாகப் பேசியது. "அடியில மயில் கழுத்துக் கலர்ல ஒன்னு இருந்துச்சு. எப்படியாவது அத எடுக்க வைங்கண்ணே. எங்க அக்கா ரெண்டு பேருக்கும் செவப்புதான். போட்டோவுல பாத்தா ஒரே சேலைய மாத்தி மாத்திக் கட்டுன மாதிரி இருக்கு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. தாலி ஏறுறதுக்கு முன்னாடியே வாயாடின்னு பேரு வந்துரும்."

நான் உள்ளே போய், அடியில் கிடந்ததை உருவி விரித்தேன்.

"என்னடா இது, கருப்பா இருக்கு?"

"கருப்பில்ல, மயில் கழுத்து. இப்ப நாடகத்துலயே கல்யாணத்துக்கு இதத்தான் கட்டுறாங்க."

"எந்த நாடகத்துல?"

"ராத்திரி போகுதே, அதுல."

"ராத்திரி எத்தனையோ போகுது. கட்டுனது மருமகளா, வில்லியா?"

இப்படியொரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. "மருமகதான். மாமியாரே ஆசையா எடுத்துக் குடுத்தாங்க."

"மாமியாரா? எந்த நாடகத்துலடா மாமியார் நல்லவ?"

முதலாளி குலுங்கிச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த போனையே பார்த்தார். கோல் இன்னும் கட்டாகவில்லை.

"உள்ளதச் சொல்லு. அந்தப் புள்ள கேட்டுச்சா?"

கோலை வெட்டிவிடலாமா என்று விரல் போனது. அதற்குள் போன் பேசிவிட்டது.

"நான்தான் கேட்டேன் அத்த."

"அத எங்கிட்டச் சொன்னா என்ன?"

"நல்லாருக்கான்னுதான் கேட்டீங்க அத்த. எது வேணும்னு கேக்கலயே."

முதலாளியின் சிரிப்பு நின்றது. போச்சு, கல்யாணமே நின்றுவிடும் என்று நினைத்தேன். அந்த அம்மா போனை என்னிடமிருந்து வாங்கினார். மயில் கழுத்துச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, தானே வாசலுக்கு நடந்தார்.

பஸ் ஹோர்னில் ஒன்றும் காதில் விழவில்லை. நான் மெல்ல நகர்ந்தேன். "டேய், நின்ன எடத்துல நின்னு மடி" என்றார் முதலாளி. மடித்தேன். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தேன். வாசலில் அந்த அம்மா முந்தானையை வெயிலில் பிடித்து ஆட்டினார். கருப்பாகத் தெரிந்தது நீலமானது, திருப்பினால் பச்சையானது. அவர் போனைக் கிட்டத்தில் கொண்டுபோய் ஏதோ கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். மறுபடி கேட்டார்.

திரும்பி வந்து சேலையை மேசையில் வைத்தார். "இதையே பார்சல் கட்டு. இதுக்குப் பொருத்தமா ரவிக்கத் துணியும் வெட்டு."

"பொண்ணு என்னங்க சொல்லிச்சு?" என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒனக்கெதுக்குடா அது?" என்றவர், போனைப் பையில் வைத்துக்கொண்டே முதலாளி பக்கம் திரும்பினார். "வாய் இருக்கு அந்தப் புள்ளைக்கு. இருக்கட்டும். எங்க வீட்டுல இம்புட்டு நாளும் நான் மட்டும்தான் பேசிக்கிட்டிருந்தேன்."