சம்பந்தி வீட்டுக்கு ஒரு ஷெப்பர்ட்ஸ் பை

என் சம்பந்தி தன் மகளோடு பேசுவதை நிறுத்திப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. காரணம் என் மகன். அவனைக் கல்யாணம் செய்துகொண்டதுதான் அந்தப் பெண் செய்த ஒரே குற்றம். அவர்கள் பர்மாவின் கரேன் இனக் கிறிஸ்தவர்கள். யாங்கோன் புறநகர் இன்சீனில் மூன்று தலைமுறையாக ஒரே சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நாங்கள் ஊர் நடுவே லத்தா பேட்டையில் நாலாவது மாடியில் இருக்கிற தமிழ் இந்துக்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னபோது நான் ஒரு நாள் முழுக்கக் கத்தினேன். மறுநாள் இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். சம்பந்தி கத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

கத்துகிறவர்களைச் சமாளிக்கலாம். பேசாதவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தீபாவளிக்கு மறுநாள் மருமகள் என் சமையலறையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது அவள் அப்பா. இவள் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடவில்லை. மேஜைமேல் கிடத்திவிட்டு எழுந்து போய்விட்டார். அவர்கள் வீட்டுக் கடிகாரம் ஓடுகிற சத்தம் இவளுக்குக் கேட்டிருக்கிறது. அம்மா குளித்துவிட்டு வந்து எடுக்கும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அழவில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

நேராகத் தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போய், அந்த மனிதர் மகளிடம் ஒரு வார்த்தை பேசும்வரை கறி மீன் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பக்தி ரொம்பவெல்லாம் கிடையாது. கோபத்தில் வேண்டிக்கொண்டதுதான். இந்த ஊரில் கறி மீன் தொடாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அடுத்த வேளைச் சாப்பாட்டில்தான் உறைத்தது. கீரையில் காய்ந்த இறால். சுரைக்காய்ச் சாறில் காய்ந்த இறால். வெறும் சோறு சாப்பிடலாம் என்றால் தொட்டுக்கொள்ள நப்பி என்கிற மீன் விழுது. வெங்காயத்தைத் தவிர யாரையும் நம்ப முடியவில்லை.

வேண்டுதலை வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் துறைமுகத்தில் நாற்பது வருஷம் சரக்குச் சீட்டு எழுதியவர். எதையும் வரிவரியாகப் படிக்கிற ஆள்.

"ஒரு வார்த்தைன்னா என்னா வார்த்தைன்னு அம்மன்கிட்ட தெளிவா சொன்னியா? 'வெளிய போ'ன்னு சொன்னாலும் பேச்சுதானே?" என்றார்.

சொல்லவில்லை. அன்றைக்கு அவரோடு நானும் பேசவில்லை.

டிசம்பர் வந்தது. யாங்கோன் குளிர் எப்படிப்பட்டது என்றால், விடியற்காலையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் பத்து மணிக்கு அதைக் கழற்றி விசிறிக்கொள்வார்கள். இருந்தாலும் குளிர்காலம் குளிர்காலம்தான். கரேன் வீடுகளில் மாதம் முழுக்கப் பாட்டு, விருந்து. கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் நாலு பேரையும் வரச்சொல்லிச் சம்பந்தியம்மாள் போன் செய்தாள். அவர் சம்மதித்துவிட்டாரா என்று கேட்டேன். "வராதேன்னு அவர் சொல்லலை" என்றாள். அவர்தான் எதுவுமே சொல்வதில்லையே.

ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று மருமகளிடம் கேட்டபோதுதான் ஷெப்பர்ட்ஸ் பை என்ற பெயரே என் காதில் விழுந்தது. அவள் அப்பா இருபது வருஷம் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். குளிர்க் கடலில் போகும்போது அதிகாரிகளுக்குச் செய்துபோடுகிற பலகாரமாம் இது. ஊருக்குத் திரும்பிய பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் வீட்டில் செய்வார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். இந்த வருஷம் செய்யப்போவதில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டார்.

"அமே, நாம செஞ்சு எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டாள். பர்மியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குத் தமிழ் வராது. என் மகனுக்கும் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் போதுமான அளவுதான் வரும். நாங்கள் எல்லாரும் பேசுவது பர்மியில்தான்.

சாத்திய கதவுக்கு வெளியே நின்று ஒரு பெண் மணத்தை வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவு அவளுக்குத் தெரிந்திருந்தது. கீழே கொத்துக்கறி, கேரட், வெங்காயம். மேலே மசித்த உருளைக்கிழங்கு. அதன்மேல் முள்கரண்டியால் கோடு, உழுத வயல் மாதிரி. மேற்புறம் செந்நிறமாக வர வேண்டும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மசாலா எதுவும் கூடாது. சோயா சாஸ் கூடவே கூடாது, அப்பாவுக்கு மோப்பத்திலேயே தெரிந்துவிடும் என்றாள். அப்படியானால் அதில் என்னதான் ருசி இருக்கும் என்று கேட்டேன். "கப்பல்ல ரொம்பக் குளிரா இருக்கும், அமே" என்றாள். அது பதில் இல்லை. ஆனால் அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை.

மாட்டுக்கறியில் செய்தால் சுலபம், விலையும் குறைவு. எங்கள் வீட்டுச் சட்டியில் அது ஏறாது. ஆட்டுக்கறி வாங்கினேன். கறிக்கடை பாய் எங்கள் ஊர்க்காரர்போலத் தமிழ் பேசுகிறவர். இரண்டு கத்தியை வைத்துக் கொத்திக்கொண்டே, கோலா உருண்டைக்கா என்று கேட்டார். விளக்கம் சொன்னேன். மசாலா இல்லை என்றதும் கத்திகள் நின்றுவிட்டன. உடம்புக்கு முடியாதவர்களுக்கா என்று கேட்டார். அப்படித்தான் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் தெருவுக்குக் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை மின்சாரம் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். அறிவிப்பின்படி வந்தது. ஆறு மணிக்கு அறிவிப்பில்லாமல் போனது. உருளைக்கிழங்கு அரை வேக்காட்டில் நின்றது. பால்கனியில் கரியடுப்பை மூட்டி, மிச்சத்தை அதில் வேகவைத்தேன். கறியையும் அதிலேயே வதக்கினேன். பால்காரரிடம் வாங்கிய வெண்ணெயைப் போட்டுக் கிழங்கை மசித்தேன். எல்லாவற்றையும் தட்டில் பரப்பி முடித்தபோது மகனும் மருமகளும் சர்ச்சுக்குப் போகிற உடையில் வந்து நின்றார்கள். அவள் ஒரு கையால் புதுப் பாவாடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் முள்கரண்டியை வாங்கிக் கோடு போட்டாள். இருபது கோடு இருக்கும். ஒன்று கோணலாகிவிட்டது. அதை அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள். அதுவும் கோணலாகத்தான் வந்தது. நான் பார்க்காததுபோல அடுப்பை விசிறினேன். நேரமாகிவிட்டது என்று இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

எங்கள் வீட்டில் கேக் அடுப்பு கிடையாது. பர்மியர்கள் ரவா கேக் செய்கிற வழி இருக்கிறது: தட்டைத் தகர மூடியால் மூடி, மூடிமேல் கனல்கரியைப் பரப்பிவிட்டால் மேற்புறம் தானாகச் சிவக்கும். அப்படியே செய்தேன். அரை மணி நேரத்தில் கோடுகளின் முதுகு மட்டும் செந்நிறமாக எழும்பி, பள்ளங்கள் வெள்ளையாக இருந்தன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு மூலையில் கொஞ்சம் கருகல். அந்த மூலையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ருசி பார்க்க வேண்டும். நான் கறி தொடக் கூடாது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு ரத்த அழுத்தம். உப்பை நிறுத்தச்சொல்லி டாக்டர் சொன்னது போன வருஷம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டியில் உப்பு விழுவதில்லை. எனக்கு வேண்டியதை நான் தட்டில் தூவிக்கொள்வேன். ஒரு வருஷம் ஒன்றைச் செய்யாமல் இருந்தால் கை அதை மறந்தேபோய்விடுகிறது. அன்றைக்கு இது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அவர் கருகிய மூலையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

"கச்சிதமா இருக்கு. ஒண்ணும் கூட்ட வேணாம், கொறைக்கவும் வேணாம்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என் சமையலை அப்படிச் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோனேன்.

தட்டைத் துண்டில் சுற்றி, அதன்மேல் அவருடைய ஸ்வெட்டரையும் சுற்றி, ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு இன்சீனுக்குப் போனோம். ஸ்வெட்டர் இல்லாமல் அவர் வழிநெடுகத் தும்மினார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் உள்ளே குழந்தையா என்று கேட்டாள். ரயில் ஆடும்போதெல்லாம் நான் தட்டோடு சேர்ந்து ஆடினேன். கோடு ஒன்றுகூடக் கலையக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

சம்பந்தி வீட்டில் பதினைந்து பேர் இருந்தார்கள். பாட்டெல்லாம் முடிந்து நீள மேஜையில் சாப்பாடு வைத்தார்கள். பன்றிக்கறி, மூங்கில்குருத்துச் சாறு, கோழி, சோறு. என் தட்டைச் சம்பந்தியம்மாள் நடுவில் வைத்தாள். சம்பந்தி மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மகள் கடைசியில், பாத்திரம் கழுவக் கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடுகிறவளைப்போல நாற்காலி நுனியில் இருந்தாள். அவள் வந்ததை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. தட்டை மட்டும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கோணல் கோட்டைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தார்கள். யாங்கோனில் எது வந்தாலும் சோற்றுமேல்தான் போட்டுக்கொள்வார்கள். கிழங்கையும் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் வாயில் வைத்தார்கள். பக்கத்தில் இருந்த அத்தை ஒருத்தி மெதுவாக, உப்புக் கரிக்கிற மீன் சாறுப் புட்டியை எடுத்துத் தட்டில் விட்டுக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ளினாள். அவர் விட்டுக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ளினார். புட்டி ஒரு சுற்று வந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டாவது கரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. ஓட்டமாக ஓடி ரயிலேறிவிடலாம்போல இருந்தது.

சம்பந்தி எழுந்தார். சமையலறைக்குப் போனார். உப்பு ஜாடியோடு திரும்பிவந்து என் பின்னால் நின்றார்.

"அமா, உப்பு போடலையா?"

பர்மியில் அமா என்றால் அக்கா, அக்கோ என்றால் அண்ணன். என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மறந்துட்டேன், அக்கோ."

"ருசி பாக்கலையா?"

"பாக்க முடியாது. நான் கறி தொடுறதில்ல."

"எப்பயுமா?"

"தீபாவளிக்கு மறுநாள்லேர்ந்து."

"எதுவரைக்கும்?"

பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாம். உடம்புக்குச் சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பதினைந்து பேர் முன்னால் என் மானம் போயிருந்தது, இனி போக எதுவும் மிச்சமில்லை. கூடவே கோபமும் வந்துவிட்டது.

"நீங்க உங்க மகள்கிட்ட ஒரு வார்த்தை பேசுற வரைக்கும்" என்றேன். "சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். ரெண்டு மாசமா வெங்காயம் தின்னுட்டிருக்கேன். இதுல உப்பு இல்லைன்னா அதுக்குக் காரணம் நீங்கதான்."

என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். சம்பந்தி ஜாடியைப் பிடித்தபடி நின்றார். அவர் என்னை வெளியே போகச்சொல்வார் என்றுதான் நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு கடைசிவரை நடந்தார். மகளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். ஜாடிக்குள் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து, அவள் சோற்றுமேல் இருந்த கிழங்கில் தூவினார். இருபது வருஷம் கப்பல் ஆட்டத்தில் சமைத்த கை அது. அப்படியும் பாதி உப்பு மேஜைமேல் விழுந்தது.

"போதுமா?" என்று கேட்டார்.

"போதும், அப்பா" என்றாள். அவள் இன்னும் அதை வாயில் வைக்கவே இல்லை.

அவர் திரும்பிவந்து என் தட்டில் ஒரு கரண்டி வைத்து, அதிலும் ஒரு சிட்டிகை தூவினார். முறைப்படி கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிய பிறகுதான் நான் கறியைத் தொட வேண்டும். அம்மனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்து வாயில் வைத்தேன்.

மருமகள் சொன்னது பச்சைப் பொய். உப்பு போதவே இல்லை. நான் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னேன்.