கம்பிகள் புந்தோங்கில், துணி சிலிபினில்

எங்கள் கட்சி உடைந்தபோது கிளையின் கூடாரமும் உடைந்தது. கோலாலம்பூரில் தலைவரும் துணைத்தலைவரும் முறைத்துக்கொண்டதற்கும், பத்து காஜா ஊர்ப்பக்கத்துப் பழைய ரப்பர் பால்மரத் தோட்டத்தில் சாவு வீட்டு வாசலில் போடும் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் வீட்டுக்காரர் தலைவர் அணி. என் அண்ணன் துணைத்தலைவர் அணி. கிளைச் சாமான்களைப் பிரிக்க உட்கார்ந்தவர்கள் நாற்காலி, அண்டா எல்லாவற்றையும் பங்கு போட்டுவிட்டுக் கூடாரத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். கடைசியில் இரும்புக் கம்பிகள் புந்தோங்கில் என் வீட்டுக்காரரின் மோட்டார் பட்டறைக்கும், மேல்துணி சிலிபினில் அண்ணன் வீட்டுக்கும் போயின. யாருக்காவது தேவைப்பட்டால் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமாம். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள்.

அந்தக் கூடாரத்தை, எங்கள் பேச்சில் கெமாவை, கிளைக்கு வாங்க வைத்தவர் எங்கள் அப்பா. பால்மரங்களை வெட்டிச் எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு லயத்து வரிசை வீடுகளின் முற்றத்தில் நிழல் என்று ஒன்று இல்லை. யாரோ ஒருவரின் சாவில், வெயிலில் கிடந்த உடம்பைப் பார்த்துவிட்டு வந்தவர், கட்சி வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்யட்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு வாங்கினார். அதன் பிறகு எந்த வீட்டில் சாவு என்றாலும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போவார். உடைந்த கட்சியின் இரண்டு அணியிலும் அவர் சேரவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் போறப்ப அந்தக் கெமாவ மட்டும் ஒண்ணா சேத்துப் போட்டுருங்கலா. மாப்பிள்ளையும் உங்கண்ணனும் ஆளுக்கொரு கயிறு பிடிச்சாப் போதும்."

வெயில் கொளுத்திய ஒரு காலையில் அவர் போய்விட்டார். லயத்து வீட்டுக்குள் பெட்டியை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. முற்றத்தில்தான் வைக்க வேண்டும். நான் முதலில் போய்ச் சேர்ந்து, இருவருக்கும் போன் போட்டுக் கம்பியையும் துணியையும் கொண்டுவரச் சொன்னேன். இருவருமே வெறுங்கையோடு வந்து நின்றார்கள். எதுவும் கேட்பதற்குள் ஒரு வேன் வந்தது.

புதிதாக முளைத்திருந்த மூன்றாவது கட்சிக்காரர்கள். கார் கழுவும் கடை வைத்திருக்கும் ஒருவர்தான் அவர்களுக்குத் தலைவர்.

"அக்கா, அப்பா எல்லாருக்கும் பொதுவான ஆளு. நாங்க போட்டுட்டு ஓரமா நிக்கிறோம்லா" என்றார்.

அவர்கள் கூடாரத்தின் நெற்றியில் கட்சிச் சின்னமும் அவர்களுடைய மேலிடத் தலைவரின் பெரிய படமும் இருந்தன. இருந்தால் என்ன? அப்பாவின் முகத்தில் நிழல் விழுந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்த அம்மா கையை இறக்கினாள்.

அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். வருடக்கணக்காகப் பேசாதவர்கள்.

"மச்சான், இது நல்லால்ல. நாளைக்கு நம்மளத்தான் கேப்பாங்க" என்றார் அண்ணன்.

"ஆமா மச்சான். எடுக்கச் சொல்லிருவோம்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. சேர்ந்துவிட்டார்கள், அப்பா கேட்டது நடக்கப்போகிறது என்று நம்பினேன். இருவரும் போய்ச் சொன்னதும் அந்த ஆட்கள் கூடாரத்தைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"சரி அண்ணே, இப்பவாச்சும் போய் நம்ம கெமாவ எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அண்ணன் தரையைப் பார்த்தார். "துணி இல்லம்மா. போன எலெக்சன்ல கட்சி ஆபீஸ் ரூமுக்குத் தடுப்பு கட்டணும்னு வெட்டிட்டாங்க."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"கம்பிய அறுத்துக் கொடிக்கம்பம் ஆக்கிட்டோம்" என்றார்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. சாவு வீடு என்றும் பார்க்காமல் இருவரையும் கிழித்து எடுத்தேன். அதனால் நிழல் வந்துவிடுமா? ஊருக்கெல்லாம் கூடாரம் கட்டிய மனிதர் பெட்டியை எடுக்கும்வரை வெயிலில் கிடந்தார். அம்மா முந்தானையை மறுபடியும் தூக்கிப் பிடித்தாள். குடை வைத்திருந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். மச்சான்கள் இருவரும் முற்றத்தின் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்து வந்த தேர்தலில் எங்கள் ஓட்டு மூன்றாகச் சிதறி, எங்கள் லயத்துக்கு வழியே தெரியாத ஒருவர் ஜெயித்தார். எங்கள் இரண்டு அணியும் தோற்றதற்கு மூன்றாவது கட்சிதான் காரணம் என்பதில் மட்டும் அண்ணனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் இன்றும் ஒரே கருத்து.

போன மாதம் அந்தக் கார் கழுவும் கடைக்காரர் புந்தோங்கில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். மகளிர் பிரிவுக்கு என்னைத் தலைவியாகக் கேட்டார். சேர்ந்திருப்பேன். அப்பாவுக்குக் கொஞ்ச நேரமாவது நிழல் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

"அந்தக் கெமா இருக்குதா தம்பி?" என்று கேட்டேன்.

"எங்க கட்சியும் ரெண்டாயிருச்சுக்கா. கம்பி எங்ககிட்ட பத்திரமா இருக்கு. துணிதான் அந்த டீமுகிட்ட மாட்டிக்கிச்சு."

அம்மாவுக்கும் வயதாகிவிட்டது; இன்னும் அந்த லயத்து வீட்டில்தான் இருக்கிறாள்.