மூன்று மணிச் சங்குக்கு உட்கார வேண்டிய நாய்

எதிர்வீட்டு மேஸ்திரியை எங்கள் நாய் கடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்தைத் துரத்தியது, அவர் காலைத் தூக்கினார், சைக்கிள் சாய்ந்துவிட்டது. முழங்கையில் கொஞ்சம் தோல் உரிந்தது. ஆனால் விழுந்த நேரம் மூன்று மணி. மில் சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்த சைக்கிள்கள் எல்லாம் எங்கள் லைன் வீட்டுத் தெரு வழியாகத் திரும்பும் நேரம். அத்தனை பேர் பார்க்க விழுந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் என் கணவர் அந்த மேஸ்திரிக்குக் கீழேதான் வேலை பார்த்தார். அன்று சாயங்காலம் மேஸ்திரி எங்கள் வாசலில் நின்றபடியே பேசினார்.

"பத்து நாள் தாரேன்வே. அதுக்குள்ள நாயப் பழக்கி வையும். இல்லன்னா வள்ளியூர் போற லாரில ஏத்தி விட்டுருவேன். எங்கனயாவது எறங்கிக்கிடட்டும்."

என் கணவர் "சரி அண்ணாச்சி" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

எனக்கு அப்போது முப்பது வயது. குழந்தை இல்லை. மனிதர்களிடம் பேச எனக்கு எப்போதும் நாக்கு எழாது. ஒரு மழைநாளில் குட்டியாக வந்து எங்கள் வாசல் சாக்கில் படுத்த அந்த நாயிடம் மட்டும்தான் பகலெல்லாம் பேசிக்கொண்டிருப்பேன். லாரியில் ஏற்றிவிட்டால் அப்புறம் நான் யாரிடம் பேசுவது?

கட்டிப்போட்டுப் பார்த்தோம். அது ஊளையிட்டது. ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் இரண்டு பக்கத்துச் சுவரையும் தட்டினார்கள். அவிழ்த்துவிட்டோம்.

ஆக, பழக்குவது ஒன்றுதான் வழி. மில் அதிகாரி பங்களா நாய் 'சிட்' என்று சொன்னால்தான் உட்காருமாம், நீயும் அப்படியே சொல்லு என்றார் என் கணவர். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாயிடம்கூட இங்கிலீஷ் பேசக் கூச்சமாக இருந்தது. "இரு" என்றே சொல்லிக்கொடுத்தேன். தினமும் காலையில் துணி துவைக்க ஆற்றுக்குப் போகும்போது கால்வாய்க் கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது. ரஸ்க்கைத் துண்டு துண்டாக உடைத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வேன். "இரு" என்று சொல்லி அதன் முதுகை அமுக்குவேன். உட்கார்ந்தால் முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு. நாலே நாளில் அமுக்காமலே உட்கார்ந்தது. நான் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தாலும் அப்படியே இருந்தது.

அன்று மூன்று மணிக்குத் தைரியமாக வாசலில் நின்றேன். சங்கு ஊதியது. சைக்கிள்கள் வந்தன. "இரு" என்றேன். அது என் பக்கம் திரும்பக்கூட இல்லை, பாய்ந்து ஓடியது. சத்தம் போட்டுக் கூப்பிடலாம்தான். ஆனால் அதற்கு நாங்கள் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை. "ஏலே" என்றால் வரும். நான் தெருவில் நின்று "ஏலே" என்று கத்தினால் வீடு திரும்புகிற ஆண்களில் பாதிப்பேர் பிரேக் பிடிப்பார்கள். பேசாமல் உள்ளே வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள்தான் எதிர்வீட்டுப் படியில் ரஸ்க் தூளைப் பார்த்தேன். அந்த வீட்டில் ரஸ்க் தின்னப் பிள்ளைகள் கிடையாது. மேஸ்திரிக்குப் பல் சரியில்லை.

அன்றிலிருந்து ஜன்னல் கதவை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து நின்றேன். மத்தியானம் மேஸ்திரி மனைவி வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் கை நீண்டது. எங்கள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு போனது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கணவர் கெடு வைக்கிறார், மனைவி தீனி வைக்கிறாள். நான் கற்றுக்கொடுப்பதைக் கெடுப்பதற்கு. அல்லது லாரியில் ஏற்றும் நாளில் கூப்பிட்டதும் சத்தமில்லாமல் வரவேண்டும் என்பதற்கு.

சாயங்காலங்களில் நாயின் வாயை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். ரஸ்க் வாசம் அடித்தது. ஆனால் நானும் ரஸ்க்தானே கொடுக்கிறேன். என் கணவரிடம் சொன்னேன். உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேஸ்திரி இவரிடம் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டாரோ என்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

எட்டாம் நாள் காலையில் கால்வாய்க் கரையில் "இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மருத மரத்துக்குப் பின்னால் ஒரு சேலை தெரிந்தது. அவள்தான். குடமும் இல்லை, துணியும் இல்லை. துவைக்க வந்தவள் இல்லை. நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக நானே முந்திக்கொண்டு பேசினேன்.

"எங்க நாய்க்கு எதுக்குக்கா ரஸ்க் போடுதீய?"

அவள் மரத்தை விட்டு வந்தாள். அவள் முகத்திலும் பயம்தான் இருந்தது.

"நீ தெனமும் இத ஆளில்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போறே. என்னத்தயோ சொல்லிக்குடுக்கே. எங்க வீட்டுக்காரரக் கடிக்கதுக்குல்லா பழக்குதேன்னு நெனச்சேன். நாம கொஞ்சம் போட்டு வச்சா அவர விட்டுருமேன்னுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையா என்று அவள் கண்ணையே பார்த்தேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள். பிறகு நாயைக் காட்டினாள்.

"மூணு நாளா மரத்துக்குப் பின்னால நின்னு பாக்கேன். இது உன் பேச்சக் கேக்கல ஏளா. உன் சேலத் தலைப்பத்தான் பாக்கு. நீ தெருவுல ஆம்பளையளக் கண்டதும் அத இழுத்துப் போத்திக்கிடுதே. பொறவு அது எதப் பாத்து இருக்கும்?"

நான் நம்பவில்லை. அவள் போனபிறகு வாயைத் திறக்காமல் முடிச்சில் மட்டும் கை வைத்தேன். நாய் உட்கார்ந்தது. தலைப்பைத் தோளைச் சுற்றி மூடிக்கொண்டு "இரு" என்று மூன்று தடவை சொன்னேன். அது போய் ஒரு ஓணானைத் துரத்தியது.

பத்தாம் நாள் மூன்று மணி. மேஸ்திரி விழுந்ததையும் கெடு வைத்ததையும் தெருவே அறியும். வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். சங்கு ஊதியதும் என் இரண்டு கைகளும் தாமாகவே தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. முதல் சைக்கிள் திரும்பியது. நாய் எழுந்தது. கூட்டத்துக்கு நடுவில் மேஸ்திரி மணியடித்துக்கொண்டே வந்தார். நான் தலைப்பை உதறி எடுத்தேன். அத்தனை ஆண்களுக்கும் முன்னால் முடிச்சை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகம் கொதித்தது. ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். "இரு" என்று சொன்னேனா என்பது நினைவில்லை.

நாய் நடுத்தெருவில் உட்கார்ந்தது. சைக்கிள்கள் இரண்டு பக்கமும் விலகிப் போயின. மேஸ்திரி மட்டும் நம்பாமல் கீழே இறங்கி, சைக்கிளைத் தனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துப் பைய உருட்டிக்கொண்டு போனார். "சரி, கெடக்கட்டும்" என்று என் கணவரிடம் சொன்னதாக அப்புறம் கேள்விப்பட்டேன். ஓய்வு பெறுகிறவரை எங்கள் வாசலைத் தாண்டும்போது இறங்கித்தான் போனார்.

நாய் எங்களோடு இன்னும் ஏழு வருஷம் இருந்தது. ஒன்று மட்டும் எனக்குத் தெளியவே இல்லை. அன்று அது உட்கார்ந்தபோது அதன் முகம் என் பக்கம் இல்லை. எதிர்வாசலில் அந்த அக்கா நின்றிருந்தாள். அவள் கையிலும் அவளுடைய சேலைத் தலைப்பு இருந்தது. அதன் நுனியில் ஒரு முடிச்சு.