பலகைக்குப் பொட்டு வைக்கவில்லை

சென்னையில் பிள்ளைகளுக்கு இலவசமாக அறிவியல் சொல்லித்தருகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அப்ப எத விக்கிறீங்க?" என்று கேட்பார்கள்.

அபிராமபுரத்தில் ஒரு அம்மா கடைசி வரைக்கும் நம்பவில்லை. "மொதல் மாசம் ஃப்ரீ, அப்புறம் கட்டச் சொல்வீங்க, அதான?" என்றார். இல்லை என்றேன். "நீட்டுக்கு யூஸ் ஆகுமா?" ஆகாது என்று உண்மையைச் சொன்னேன். பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கோபாலபுரத்தில் ஒரு பங்களாவின் கார் ஷெட்டைக் கொடுத்தார்கள். அங்கே வந்த பிள்ளைகள் நான் சோதனையைத் தொடங்கும் முன்பே முடிவைச் சொன்னார்கள். எல்லாம் யூடியூபில் பார்த்தாயிற்றாம். பெசன்ட் நகர் கடற்கரையில் காற்றழுத்தத்தைப் பற்றி உரக்கப் பேசிப் பார்த்தேன். சுண்டல்காரருக்கு நல்ல வியாபாரம்.

இந்தத் தொழிலில் போட்டியும் உண்டு. ஒரே நிற டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வருவார்கள். முதுகில் ஒவ்வொரு குழந்தையும் விஞ்ஞானி என்று எழுதியிருக்கும். களிமண்ணில் எரிமலை செய்து, சமையல் சோடாவில் வினிகரை ஊற்றிப் பொங்கவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் இதுவரை பார்த்த எரிமலைகளை வரிசையாக வைத்தால் நாடே தாங்காது. நிஜ எரிமலைக்குள் சமையல் சோடாதான் இருக்கிறது என்று அவர்களில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் எனக்கு இடம் கிடைத்தது தி.நகரில், ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில். அது கடையின் சரக்கு அறை. அப்பா மீன்பாடி வண்டியில் அந்தக் கடைக்குப் பல வருடம் பண்டல் ஏற்றிக்கொண்டு போனவர். அந்தப் பழக்கத்தில் கடை முதலாளியிடம் அவரே கேட்டு வாங்கிக்கொடுத்தார். முதலாளி தெற்கத்திக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இடத்தை வாங்கிக்கொடுத்தாரே தவிர, நான் செய்வது என்னவென்று அப்பாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வார நாட்களில் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுக்கிறேன், சனிக்கிழமை இங்கே.

"துட்டு குடுக்கறவனுக்கு பதில் சொல்லிக் குடுக்கற. குடுக்காதவனுக்கு கேள்வி சொல்லிக் குடுக்கற. இன்னா படிப்புடா இது" என்பார் அப்பா.

இந்தத் தொழிலைக் கிண்டல் செய்ய யாராலும் இதைவிடச் சுருக்கமாக முடியாது.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: கருவி என்றால் தொட வேண்டும். இதற்குக் காரணம் நான் படித்த பள்ளிக்கூடம். அங்கே ஒரு நுண்ணோக்கி இருந்தது. வருடம் முழுக்க பீரோவுக்குள் இருக்கும். ஆயுத பூஜை அன்று மட்டும் வெளியே வரும். சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, மறுநாள் மறுபடி உள்ளே போகும். நான் அதைப் பார்த்ததெல்லாம் கோயில் உற்சவரைப் பார்ப்பது போலத்தான், தள்ளி நின்று. அதன் வழியாக நாங்கள் யாரும் எதையும் பார்த்ததில்லை. அதனால், பூஜை போடுவதென்றால் புத்தகத்துக்குப் போடுங்கள், கருவிக்குப் போடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சில நாட்கள் முன்பு அண்ணாச்சி என்னைக் கீழே கல்லாவுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, தீவாளிச் சரக்கு வருது. ரூம் வேணும்லா."

தீபாவளி முடிந்தால் பொங்கல் சரக்கு, பொங்கல் முடிந்தால் கல்யாண சீசன். சரக்கு அறைக்குள் ஒருமுறை சரக்கு போனால் வெளியே வராது. அறை போனால் வகுப்பும் போச்சு. தி.நகரில் கால் வைக்கும் இடத்துக்கே வாடகை கேட்கிறார்கள்.

"பிள்ளைய என்னத்தப் படிச்சிருக்குன்னு எனக்கு ஒண்ணுந் தெரியல. ஆயுத பூஜை அன்னிக்குக் கடை பூஜை முடிச்சிட்டு மேல வாரேன். ஏதாவது காட்டு. பாத்துட்டு முடிவு சொல்லுதேன்" என்றார்.

காட்டுவதற்கு எங்களிடம் ஒன்று இருந்தது. பிளம்பிங் குழாயிலும் ஒரு பெரிய லென்ஸிலும் பிள்ளைகள் மாதக்கணக்கில் செய்த தொலைநோக்கி. மரத்தாங்கியில் ஏற்றி, அதை ஒரு தடித்த பலகையின் மேல் வைத்திருந்தோம். ஆயுத பூஜை நவமியில் வருகிறது. நவமி நிலா பாதிக்குக் கொஞ்சம் மேல், இருட்டும்போதே உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். பள்ளங்களைப் பார்க்க முழுநிலாவைவிட அதுதான் நல்லது. பஞ்சாங்கமே எங்கள் பக்கம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் தொலைநோக்கியை மொட்டை மாடிக்கு ஏற்றி, பகல் நிலாவில் ஃபோகஸைச் சரிபார்த்துவிட்டு, பொரி கடலை வாங்கக் கீழே போனேன். பூசணிக்காய் உடைத்த தெருவில் வழுக்காமல் நடந்து திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

மேலே வந்தால் கற்பூர வாசனை. தொலைநோக்கியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. குழாய்க்குச் சாமந்தி மாலை. முன்லென்ஸின் நட்டநடுவில், வட்டமாக, அழகாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

"யார் வெச்சது?" என்றேன்.

எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவள், அந்த லென்ஸைக் குழாயில் பொருத்தியவளும் அவள்தான்.

"சொன்னேன்ல, கருவிக்கு வேணாம்னு."

"மேக்னட்டுக்கு வெக்கல, பேட்டரிக்கு வெக்கல. இது ஒண்ணுதான் நம்பளே செஞ்சது. இன்னைக்குப் போய் இத்த சும்மா நிக்க வெச்சா நல்லாவா கீது?"

"அதுக்கு லென்ஸ்லயா வெப்ப?"

"பின்ன? நெத்தியில வெக்காம முதுகுலயா வெப்பாங்க?"

துடைக்கலாம் என்று கைக்குட்டையை எடுத்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் மூச்சை இழுத்தார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று நான் வாதாடத் தயாரானபோது படியில் அண்ணாச்சியின் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தார். வாழைக்கன்றைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். வகுப்பைப் பற்றி அவர் முதல்முறையாகத் திருப்திப்பட்டது அப்போதுதான்.

"இப்பதாம்ல ஒழுங்கா இருக்கு. சரி, நிலாவக் காட்டு."

நிலா மேலே போய்விட்டிருந்தது. குழாயோ சாயங்காலம் நான் விட்டுப்போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே இப்போது வெறும் வானம்தான் இருந்தது.

"திருப்பணும் அண்ணாச்சி" என்று கையை நீட்டினேன்.

"ஏய், பூஜைல வச்சதத் தொடப்பிடாது."

"தொடாம எப்படிக் காட்டுறது?"

"அத நீதான சொல்லணும்? நான் காட்டுன்னேன். நீ பூஜைல வச்சிட்டு நிக்க. அப்ப நான் என்னத்தப் பாத்து ரூமப் பத்தி முடிவு சொல்ல?"

நியாயமான கேள்வி. நான் பி.எஸ்சி. இயற்பியல். அதில் இதற்குப் பாடம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பீரோவே என்னைத் தேடிக்கொண்டு தி.நகர் வரைக்கும் வந்துவிட்டது போல இருந்தது.

அந்தப் பெண்தான் சொன்னாள்: "அண்ணாச்சி, பலக பூஜைல இல்ல."

"என்னது?"

"அடியில கீற பலக. அதுக்கு நான் பொட்டு வெக்கல. அத்தத் தள்ளலாம்."

அண்ணாச்சி போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பலகையின் நான்கு பக்கத்தையும் சுற்றிவந்து பார்த்தார். துணியில் இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கிறவரின் பார்வை. சந்தனத்தின் சுவடுகூட இல்லை. எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"பலகையத் தொடலாம்."

அதன் பிறகு நடந்ததை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்க முடியாது. நான்கு பிள்ளைகள் பலகையைப் பிடித்து, சாமி புறப்பாட்டில் தேரைத் திருப்புவது போலத் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். திரும்பியதும் வாழை இலை லென்ஸை மறைத்தது. வாழையைத் தொடலாமா என்று அடுத்த வழக்கு. "வாழை அலங்காரம். ஒதுக்கலாம்" என்று அதற்கும் தீர்ப்பு வந்தது. பக்கம் சரியானது, உயரம் பற்றவில்லை. பலகையின் முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி படிக்கட்டில் தலையை நீட்டிக் கீழே குரல் கொடுத்தார். கடைப் பையன்கள் புடவை அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். அவரே மண்டியிட்டு ஒவ்வொன்றாகச் செருகினார். பட்டு வேட்டி தரையில் புரண்டது.

"இன்னும் கொஞ்சம். ஐயோ, தாண்டிட்டீங்க அண்ணாச்சி" என்றாள் அந்தப் பெண், குழாயைத் தொடாமல் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபடி.

"எடுத்திரவா?"

"வேணாம், விடுங்க. நிலா இந்தப் பக்கமாத்தான் போய்க்கினு கீது. அதுவே வரும்."

அண்ணாச்சி மண்டியிட்டபடியே கண்ணை வைத்துக் காத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் குழாயைக் கும்பிடுகிறார் என்றுதான் தோன்றும். முதலில் ஓரத்தில் வெளிச்சம் வந்தது போலும். அவருடைய தோள் அசைந்தது. பிறகு வெகுநேரம் அவர் எழவே இல்லை.

"அம்மி கொத்துன கல்லு மாதிரில்லா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சந்தேகமாக, "வெளிச்சம் அந்தப் பக்கம்ல இருக்கணும்? இதுல மாறி இருக்கு."

இரண்டு லென்ஸ் வைத்தால் பிம்பம் தலைகீழாகத்தான் தெரியும் என்றேன்.

"பொட்டு எங்கல? நடு மையத்துல வச்சிருக்கீய. நிலாவுல ஒண்ணையுங் காணோம்."

இதைத்தான் அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டபோது நான் மறந்திருந்தேன். லென்ஸின் எந்த ஒரு துண்டும் நிலா முழுவதையும் காட்டும். நடுவை மறைத்தால் மீதி வேலையைச் செய்யும். படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். சொன்னேன். அவர் நம்பவில்லை. நிலாவின் படம் எதையாவது உள்ளே ஒட்டியிருக்கிறோமோ என்று கேட்டார். அவள் லென்ஸில் படாமல் அதன் முன்னால் இரண்டு விரலை நீட்டினாள்.

"இப்ப பாருங்க. என் விரல் தெரியுதா?"

"இல்ல."

"நிலா?"

"இருக்கு. முழுசா இருக்கு." அப்புறம் அவர் கடைப் பையன்கள் எல்லோரையும் மேலே கூப்பிட்டார். ஒவ்வொருவர் பார்த்ததும் நிலா நகர்ந்துவிடும். பலகையை ஒரு தட்டுத் தட்டி அடுத்தவரை உட்கார வைத்தார். பொரியும் தீர்ந்தது.

எல்லோரும் இறங்கிய பிறகு நான் கேட்டேன். "ரூம் அண்ணாச்சி?"

"சரக்கு வரத்தான் செய்யும். நிலாவுக்காவத் தீவாளிய நிறுத்த முடியுமா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செவுத்தோரமா அடுக்கச் சொல்லுதேன். நடுவுல உக்காந்துக்கிடுங்க. பண்டல்ல எவனும் ஏறப்பிடாது. நாளைக்குக் காலைல விஜயதசமி. பேரன கூட்டிட்டு வாரேன். சேத்துக்கோ."

"எந்தக் கிளாஸ் படிக்கிறான்?"

"கிளாஸா? இனிமேதான் எல்.கே.ஜி."

மறுநாள் காலை அந்தப் பையன் புதுச் சட்டையில், தட்டில் பச்சரிசியோடு, தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவர்கள் படியேறும் சத்தம் கேட்டதும், வயது வரம்பு பன்னிரண்டு முதல் பதினாறு வரை என்று நான் கதவில் ஒட்டியிருந்த தாளை அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே கிழித்தாள். நான் தடுக்கவில்லை.